செத்தலர் எண்ணும்போது பேசக்கூடாது

அன்று இருந்தவர்கள்: மாஸ்டர், தியாகு, தியாகுவின் மனைவி மலர் அக்கா, மதுரைக்காரர் சேது, நான். அடுப்புக்கு முன்னால் செத்தலர்.

எழுபதுகளில் சிட்னியில் எங்களைப்போல உறைப்புத் தின்ற ஆட்கள் இல்லை. சிட்னி என்ன, மெல்பேர்ணையும் சேர்த்தே சொல்கிறேன். எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன். தின்ன வைத்தவர் செத்தலர். ஆனால் அவருடைய வாய்க்குள் ஒரு மிளகாய் விதைகூடப் போகாது.

காய்ந்த மிளகாயை எங்கள் பக்கத்தில் செத்தல் என்போம். ஆளும் அப்படித்தான் இருப்பார். மெலிந்து, சுருங்கி, நுனியில் கொஞ்சம் வளைந்து. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சம்பளக் கவரில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். முகத்துக்கு நேரே அண்ணை. முதுகுக்குப் பின்னால் செத்தலர். அது அவருக்கும் தெரியும்.

ஊரில் இருந்த காலத்தில் ஒரு வேளைக்குப் பதினெட்டு மிளகாய் தின்றவராம். பள்ளிக்கூடத்துக்குச் சட்டைப் பையில் மிளகாய் கொண்டுபோய் மற்றப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்து அடி வாங்கியவராம். முப்பது வயதில் வயிற்றில் புண் வந்தது. கொழும்பில் வயிற்றைப் பாதி வெட்டி எடுத்தார்கள். இனி மிளகாயைத் தொட்டால் மிச்சப் பாதியும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு ஆளென்றால் மிளகாயை மறந்திருப்பான். இவர் மற்றவர்களுக்குப் போடத் தொடங்கினார்.

ருசி பார்க்க முடியாது. ஆகவே எண்ணினார்.

பென்டில் ஹில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு வாடகை வீடு. அவரும் நானும் அதில் இருந்தோம். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். மாஸ்டர் ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே தபால் பிரிப்பவர். மலர் அக்கா தையல் வேலை. மற்ற நாலு பேருக்கும் செவன் ஹில்ஸில் ஒரே தொழிற்சாலை. தியாகு கடைசல் மெசினில் நின்றான். சேது வரைபடம் வரைந்தார். நான் வெல்டர். செத்தலர் ஸ்டோரில் போல்டும் நட்டும் எண்ணிப் பைகளில் போடுவார். அந்த வேலைக்கு அவரைப்போல ஒரு ஆள் அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

முதல் ஞாயிறு எங்கள் எல்லோரையும் குசினியில் வரிசையாகக் கதிரையில் இருத்தினார். ஆளுக்கு ஒரு கரண்டி மிளகாய்ச் சம்பல் தந்தார். தின்னச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றார். ஒவ்வொருவர் காதையும் குனிந்து பார்த்தார்.

“வாய் பொய் சொல்லும். கண் நடிக்கும். காதுக்குப் பின்னால வேர்க்கிறதை ஒருத்தராலும் மறைக்க ஏலாது,” என்றார்.

பார்த்து முடிந்ததும் தீர்ப்புச் சொன்னார். மாஸ்டர் மூன்று. சேது நாலு. தியாகு ஐந்து. நான் ஆறு. மலர் அக்கா எட்டு. அந்த ஆள் வந்தால் அத்தனை மிளகாய் சட்டிக்குள் விழும். ஐந்து பேரும் வந்தால் இருபத்தாறு.

மாஸ்டருக்கு இது பொறுக்கவில்லை. ஒரே சட்டி, ஒரே கறி, எல்லோருக்கும் ஒரே உறைப்பு. பிறகு எதற்கு ஆளுக்கொரு எண், மொத்தமாகப் போடலாமே என்றார். செத்தலர் அவரைப் பாவமாகப் பார்த்தார்.

“அது பங்கு, மாஸ்டர். இது ஆள். வந்த ஆள் சட்டிக்குள்ள இருக்கவேணும்.”

வராத ஆளுக்குப் போடமாட்டார். மாஸ்டர் காய்ச்சலில் படுத்த ஞாயிறு இருபத்து மூன்றுதான் போட்டார். அது சட்டம். மிளகாய்த்தூள் பாவிக்கலாமே, வேலை சுலபம் என்று மலர் அக்கா ஒருமுறை சொன்னார். “தூளை எண்ண ஏலுமோ?” என்று கேட்டார். அதோடு தூள் பேச்சு முடிந்தது.

தியாகுவுக்குப் பெண்சாதி எட்டு, தான் ஐந்து என்பது பெரிய மனவருத்தம். மூன்று மாதம் விண்ணப்பம் செய்தான். ஆறாவது போடுங்கள் அண்ணை என்று கெஞ்சினான். செத்தலர் மறுபடி காதைப் பார்த்தார். நாலரை என்றுதான் சொல்லவேண்டும், குடும்பஸ்தன் என்று ஐந்து போட்டிருக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு தியாகு விண்ணப்பம் செய்யவில்லை.

செத்தலருக்கு இது ஒரு வியாதியாகவே போய்விட்டது. ரயிலில் எதிரே இருக்கிறவருக்கும் எண் வைப்பார். வென்ட்வேர்த்வில்லில் ஒரு குடும்பம் மகளுக்கு வந்த மாப்பிள்ளையின் படத்தைக் காட்டி, பையன் எப்படி என்று கேட்டது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காது தெரிகிற மாதிரி எடுத்த படம். “பிள்ளை ஏழு. மாப்பிள்ளை இரண்டு. சமையலுக்கு இரண்டு அடுப்பு வேணும்,” என்றார். கலியாணம் நடந்தது. இரண்டு அடுப்பு வைத்தார்கள்.

மிளகாய் கடையில் வாங்குவதில்லை. அப்போது வாங்கக் கடையும் இல்லை. பின் வளவில் வெற்று எண்ணெய் டின்களில் பத்தொன்பது செடி வளர்த்தார். பழத்தைக் கராஜ் தகரக் கூரையில் காயப்போடுவார். வெள்ளைக் கொக்கட்டூக் கிளிகள் இறங்கி வந்து தின்னும். பறவைக்கு உறைக்காது. கல் எறிய நான் எழும்பினால் விடமாட்டார். கூரைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு கிளி பதினாலு தின்றதைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார். காதைத் தேடிப் பார்த்தாராம், அகப்படவில்லையாம்.

ஒரு ஞாயிறு சம்பலுக்கு எண்ணெயில் மிளகாய் பொரித்தார். புகை தெருவுக்குப் போனது. யாரோ சொல்லித் தீயணைப்பு வண்டி வந்தது. இரண்டு பேர் கோடாலியோடு குசினிக்குள் வந்து, இருமி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் பயந்து போனோம். செத்தலர் அவர்களைச் சுற்றி ஒரு நடை நடந்து வந்தார். “முன்னுக்கு நிக்கிறவர் ஒண்டு. மற்றவருக்கு அரை,” என்று எங்களிடம் சொன்னார். பிறகுதான் யன்னலைத் திறந்தார்.

இனி முக்கியமான சட்டம். அவர் மிளகாய் எண்ணும்போது யாரும் பேசக்கூடாது.

கறி கொதிக்கத் தொடங்கியதும் மிளகாய் டின்னைத் திறப்பார். காம்பைக் கிள்ளுவார். இரண்டாக முறிப்பார். சட்டிக்குள் போடுவார். உதடு மட்டும் அசையும். அந்த நேரம் குசினியில் இருமவும் கூடாது. சேதுவுக்கு இது தெரியாத காலம். பத்தொன்பதாவது மிளகாயில் வந்து கேட்டார்: “அண்ணே, மணி என்னாச்சுங்க?”

செத்தலரின் கை நின்றது. பத்தொன்பதா, இருபதா என்று சட்டிக்குள் பார்த்தார். துணியால் சட்டியைப் பிடித்துத் தூக்கினார். பின்வாசலால் போனார். இரண்டு கிலோ ஆட்டிறைச்சியையும் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றினார். அன்று ஆறு பேரும் பாணும் ஜாமும் சாப்பிட்டோம். சேது அதற்குப் பிறகு கைக்கடிகாரம் வாங்கினார்.

ஞாயிறு மிஞ்சும் கறிதான் திங்கட்கிழமை எங்கள் மத்தியானச் சாப்பாடு. டப்பாவில் கொண்டுபோவோம். ஒரு திங்கள் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் டப்பாவைத் திறந்தோம். ஒருவர் தும்மினார். பிறகு ஐந்தாறு பேர் தும்மினார்கள். ஃபோர்மன் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு, இதை வெளியே வைத்துச் சாப்பிடுங்கள் என்றார். அடுத்த நாள் சுவரில் கடதாசி ஒட்டியிருந்தது. மணக்கிற சாப்பாடு உள்ளே கூடாது.

வெளியே என்றால் பெயின்ட் டிரம் அடுக்கிய இடம். கதிரை இல்லை. நின்று சாப்பிட்டோம். ஜூலை மாதக் குளிரில் கறியில் கொழுப்பு வெள்ளையாக உறையும்.

செத்தலருக்கு அந்தக் கடதாசி பொருந்தாது. அவருடைய மத்தியானச் சாப்பாடு பாணும் பாலும். அந்த அறையில் அதைவிட வெள்ளையான சாப்பாடு யாரிடமும் இல்லை. ஆனால் முதல் நாளே பால் போத்தலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அரை வயிற்றுக்காரர் நின்று சாப்பிட்டால் இறங்காது, நோகும். நீங்கள் உள்ளே இருக்கலாமே அண்ணை என்று கேட்டேன்.

“என்ர கறி நிக்குது. நான் எப்பிடி இருக்கிறது?”

ஐந்து மாதம் நின்றார்.

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, முந்திய மாதம் ஒரு நாள் ஃபோர்மனின் கண்ணாடி அறைக்குள் போனார். அவருடைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் மட்டும்தான் உண்டு. மிச்சத்தைக் கையால் சொல்வார். சேது துணைக்குப் போய் வந்து எங்களுக்கு விவரம் சொன்னார். நத்தார் லீவுக்கு முந்திய கடைசி நாள் தொழிற்சாலையில் எங்கள் பகுதி முழுவதுக்கும் செத்தலர் சமைப்பார். சட்டி வெறுமையானால் எங்களுக்கு உள்ளே நாலு கதிரை. மிச்சம் இருந்தால் வெளியேதான் நிற்போம், அதோடு செத்தலர் இனிச் சமையலே செய்யமாட்டார். ஃபோர்மன் சிரித்துக் கை கொடுத்தாராம். ஒரு நிபந்தனை மட்டும் போட்டாராம்: நீங்கள் நாலு பேரும் அந்தச் சட்டியில் பங்கு எடுத்துச் சாப்பிடக்கூடாது.

தியாகுவுக்குக் கோபம். கதிரையோடு நிறுத்தியிருக்கலாம், சமையலை ஏன் இழுத்தீர்கள் என்று கேட்டான். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லாவிட்டால் அந்த மனிதனிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. கலியாணம் இல்லை. பிள்ளை இல்லை. பாதி வயிறு, பத்தொன்பது டின்.

“சொல்லியாச்சு,” என்றார் செத்தலர்.

எங்களை விட்டால் பகுதியில் முப்பத்திரண்டு பேர். முப்பத்திரண்டு பேருக்கும் எண் வேண்டும். கதிரையில் இருத்திச் சம்பல் கொடுக்க முடியாது. ஆகவே மலர் அக்காவைக் கொண்டு மிளகாய் போட்ட முறுக்குச் சுடுவித்தார். ஸ்டோருக்குப் போல்ட் வாங்க வருகிறவருக்குப் போல்டோடு ஒரு முறுக்கு. அவர் கடித்துக்கொண்டு திரும்பி நடக்கும்போது இவர் கவுண்டருக்கு மேலால் எட்டிக் காதைப் பார்ப்பார். வெள்ளைக்காரரின் காதில் வேர்வை தேடத் தேவையில்லை. பிரேக் லைட் மாதிரி எரியும். இரண்டாம் வாரம் ஆட்கள் தேவையில்லாத போல்டுக்கெல்லாம் வரத் தொடங்கினார்கள். போல்ட் ஏன் இப்படிப் போகிறது என்று ஃபோர்மன் கேட்க வந்தார். அவருக்கும் ஒரு முறுக்குக் கிடைத்தது.

முடிவு இது. ஃபோர்மனோடு சேர்த்து இங்கே பிறந்தவர்கள் இருபது பேர், ஆளுக்கு அரை. மோல்டாக்காரர் ஆறு பேர், ஆளுக்கு ஒன்று. யூகோஸ்லாவியர் மூன்று பேருக்கு இரண்டிரண்டு. துருக்கியர் இரண்டு பேருக்கு நன்னாலு. ஒரு ஹங்கேரிக்காரர் முறுக்கைத் தின்றுவிட்டு, இதில் மிளகாய் போட்ட வகையும் இருக்கிறதா என்று கேட்டார். அவருக்குப் பதினொன்று. செத்தலர் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். மாஸ்டர் கடதாசியில் கூட்டிப் பார்த்தார். நாற்பத்தொன்று. செத்தலர் கடதாசி இல்லாமல் முதலே சொல்லியிருந்தார்.

அந்த அளவுக்குச் சட்டி இல்லை. துருப்பிடிக்காத தகட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கி நான் ஒட்டினேன். உள்ளுக்கு ஒட்டு தெரியாமல் தேய்த்தேன். நான் செய்ததில் சொல்லக்கூடியது அந்தச் சட்டி.

கடைசி நாள் காலை பின் வளவில் கல் வைத்து விறகு மூட்டினோம். தியாகுவும் சேதுவும் வேலைக்குப் போய்விட்டார்கள். செத்தலரும் நானும் அரை நாள் லீவு. மலர் அக்கா குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். கறி கொதிக்கிற நேரம் செத்தலர் வளவின் மூலையில் இருந்த கக்கூசுக்குப் போனார்.

கறி கொதித்தது.

கொதித்தால் மிளகாய் போடவேண்டும். எண் எனக்குத் தெரியும். இத்தனை ஞாயிறு பார்த்திருக்கிறேன். டின்னைத் திறந்தேன். கிள்ளினேன், முறித்தேன், போட்டேன். நாற்பத்தொன்று. சரியாகப் போட்டேன். டின் மூடியையும் மூடினேன். போட்டதெல்லாம் கொதியில் அமிழ்ந்துவிட்டது. ஒரு உதவி செய்த நினைப்பு எனக்கு.

செத்தலர் வந்தார். கை கழுவினார். என்னைப் பார்க்கவில்லை. டின்னைத் திறந்தார். ஒன்று. இரண்டு. உதடு அசையத் தொடங்கிவிட்டது.

என் நிலையை வாசிக்கிறவர்கள் யோசித்துப் பார்க்கவேண்டும். வாயைத் திறந்தால் எண்ணிக்கை தவறும். தவறினால் பதினாறு கிலோ இறைச்சியும் கானுக்குள் போகும். வேறு இறைச்சி இல்லை, நேரமும் இல்லை. திறக்காவிட்டால் இரண்டு மடங்கு. எண்ணி முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நின்றேன். முடிந்தது. வாயைத் திறந்தேன்.

“சரி, இறக்கு,” என்றார்.

இறக்கினேன். நான் பேச்சுக் குறைந்த ஆள்.

மாஸ்டரின் காரில் சட்டியைப் பின் பெட்டிக்குள் துவாய் சுற்றி வைத்தோம். யன்னல் எல்லாம் திறந்திருந்தும் சிக்னலுக்குச் சிக்னல் தும்மினோம். இன்றைக்கு நல்லாய் மணக்குது என்றார் செத்தலர். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்று நெருப்பு வெயில். தகரக் கூரைக்குக் கீழே முப்பத்திரண்டு பேர் தட்டோடு நின்றார்கள். செத்தலர் வெள்ளைச் சேர்ட் போட்டு, ஒவ்வொரு தட்டிலும் தானே கறி வார்த்தார். நாங்கள் சுவரோடு நின்றோம். முதல் வாய்க்கு எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் வாய்க்குச் சிரிப்பு நின்றது. மூன்றாம் வாய்க்கு அந்தப் பெரிய அறையில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் தலையைத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே பிடித்தார். துருக்கியர் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். ஹங்கேரிக்காரர் மட்டும் இரண்டாம் தட்டுக்கு வந்தார்.

செத்தலர் வழக்கப்படி பின்னால் நடந்தார். காது காதாகப் பார்த்துக்கொண்டு போனார். பாதி வழியில் நடை தளர்ந்தது. அரை மிளகாய்க்காரரின் காதெல்லாம் ஒன்று மாதிரி எரிந்தது. ஒன்று எல்லாம் இரண்டு. அவருடைய எண் ஒருநாளும் பிழைத்ததில்லை. தட்டுகள் ஒவ்வொன்றாக மேசைக்கு இறங்கின. சட்டியில் இன்னும் கால்வாசி இருந்தது.

அவர் திரும்பி வந்து ஒரு கரண்டி எடுத்தார். குழம்பில் தோய்த்தார்.

“அண்ணே, வேணாம்ணே,” என்றார் சேது. தியாகு கையைப் பிடிக்கப் போனான். அதற்குள் வாய்க்குள் போய்விட்டது.

கண்ணை மூடிக்கொண்டு நின்றார். விழுங்கினார். பிறகு நேராக என்னைப் பார்த்தார்.

“எண்பத்திரண்டு,” என்றார்.

நான் தலையாட்டினேன்.

ஏழு வருடம் மிளகாய் படாத நாக்கு. எண்பத்தொன்று என்று சொல்லவில்லை. எண்பத்து மூன்று என்றும் சொல்லவில்லை. அப்படி ஒரு நாக்கை நான் பிறகு எங்கும் காணவில்லை. அந்த இடத்தில் பிழை முழுக்க என்னுடையது. ஆனாலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

“ஏன்ரா சொல்லேல்லை?”

“நீங்கள் எண்ணிக்கொண்டு நிண்டனீங்கள்.”

கரண்டியை மேசையில் வைத்தார்.

“அது சரி,” என்றார்.

ஃபோர்மன் இதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கண், மூக்கு எல்லாம் ஒழுக எழும்பி வந்தார். இவர் தினமும் பாலும் பாணும் சாப்பிடுவதை அவர் பார்த்திருக்கிறார். டாக்டரின் கடிதம் அவருடைய மேசை லாச்சியில்தான் இருந்தது. உனக்கு இது கூடாதே, ஏன் சாப்பிட்டாய் என்று கேட்டார். செத்தலர் வயிற்றில் ஒரு கை வைத்திருந்தார். மற்றக் கையால் சட்டியைக் காட்டினார்.

“மை பொட்,” என்றார். பிழை என் உதவியாளனுடையது என்று சொல்லவில்லை.

ஃபோர்மன் சட்டிக்குள் பார்த்தார். போய்த் தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். அரை மிளகாய்க்காரர். அவருக்குப் பின்னால் ஒரு மோல்டாக்காரர் வந்தார். அதற்குப் பின்னால் வரிசை. பாணைக் கிழித்துத் தோய்த்துத் தின்றார்கள். கண்ணீர் வடியத் தின்றார்கள். குழாயடிக்குப் போய் வந்து தின்றார்கள். கடைசியில் ஹங்கேரிக்காரர் சட்டியின் அடியைப் பாணால் வழித்து, தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார். நான் ஒட்டிய ஒட்டு பளபளத்தது.

அன்றிலிருந்து மூன்று நாள் செத்தலர் சுருண்டு படுத்திருந்தார். மலர் அக்கா பால் கொடுத்துக்கொண்டே ஏசினார். எனக்கும் ஏச்சு விழுந்தது. வாய் எதற்குக் கடவுள் தந்தவர் என்று கேட்டார். டாக்டரும் ஏசினார்.

தை மாதம் வேலை தொடங்கிய நாள் டப்பாவோடு போனோம். சுவரில் கடதாசி இல்லை. அது ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. மேசையின் கடைசித் தொங்கலில் நாலு கதிரை. செத்தலர் முதலில் இருந்தார். பால் போத்தலை மேசையில் வைத்தார். அதற்குப் பிறகு நாங்கள் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் ஃபோர்மன் சான்ட்விச்சோடு வந்து எதிரே அமர்ந்தார். முறுக்குக் கதை எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. தன்னுடைய எண் என்ன என்று கேட்டார். அரை என்று சேது சொன்னார். அவர் முகம் விழுந்துவிட்டது. செத்தலர் எழும்பிப் பின்னால் போய், அவர் காதைக் குனிந்து பார்த்தார். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அந்த மனிதர் ஒன்று ஆனதை ஓய்வு பெறும்வரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு. சட்டியில் இருபத்தாறு விழுந்து முடிந்தது. செத்தலர் டின்னை மூடவில்லை. இன்னொன்றை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். யாருக்கு என்று மலர் அக்கா கேட்டார்.

“எனக்கு. அரை வயித்துக்கு ஒண்டு காணும்.”

மலர் அக்கா எதிர்த்துப் பார்த்தார். பலிக்கவில்லை. செத்தலர் பாணில் ஒரு கரண்டிக் குழம்பு ஊற்றி மெல்லச் சாப்பிட்டார். நாங்கள் ஐந்து பேரும் எழும்பி அவருக்குப் பின்னால் போய் நின்றோம். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வேர்வை இல்லை. பதினெட்டுத் தின்ற காது அது.

மூன்று வருடம் அப்படிப் போனது. பிறகு அவருக்கு மெல்பேர்ணில் வேலை கிடைத்தது. அங்கேயும் எண்ணுகிற வேலைதான். போகிற அன்று செடிகளில் பத்தை எடுத்துக்கொண்டு ஒன்பதை எனக்கு விட்டார். மிளகாய் டின்னையும் தந்தார். ஸ்டேஷனில் வைத்து, வாயைத் திறந்து பேசிப் பழகு தம்பி என்றார். ஓம் என்றேன். ரயில் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு சட்டிக்கு முன்னால் நான் நின்றேன். இருந்தவர்கள்: மாஸ்டர், தியாகு, மலர் அக்கா, சேது, நான். புது ஆள் எண்ணுகிறான் என்று தியாகு மெல்ல வந்து, தனக்கு ஆறு போடச் சொன்னான். நான் போடவில்லை. கறி கொதித்தது. டின்னைத் திறந்தேன். எல்லோரும் வாயை மூடினார்கள். சேது கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை.

வராத ஆளுக்குப் போடக்கூடாது என்பது சட்டம். எனக்குத் தெரியும்.

எண்ணி முடித்து மூடியை மூடினேன். எத்தனை என்று மாஸ்டர் கேட்டார்.

இருபத்தேழு.